கேட்டுப் பெற்ற அரசன்: தாலூத் வரலாறும் இரு எடுத்துரைப்புகளும்

அல்பகரா அத்தியாயத்தின் 246 முதல் 251 வரையுள்ள ஆறு வசனங்களில், அரசன் இல்லாதிருந்த ஒரு சமுதாயம் அரசனைப் பெற்ற செய்தி கூறப்படுகிறது. மூஸா (அலை) அவர்களுக்குப் பின் வந்த பனூ இஸ்ராயீல் தலைவர்கள் தம் நபியிடம் சென்று அரசன் ஒருவனை வேண்டுகிறார்கள். தாலூத் அரசராகிறார். தலைவர்கள் மறுப்புரைக்கிறார்கள். பெட்டி வருகிறது, ஆற்றங்கரையில் சோதனை நிகழ்கிறது, சிறு கூட்டம் பெரும்படையை வெல்கிறது, ஜாலூத்தைத் தாவூது (அலை) கொல்கிறார்கள். நம் அரபிக் கல்லூரிகளில் தஃப்ஸீருல் ஜலாலைன் ஓதும்போது இப்பகுதி விரைவாகக் கடந்துபோவது வழக்கம். தாலூத் தோல் பதனிடுபவராகவோ ஆடு மேய்ப்பவராகவோ இருந்தார், பெட்டிக்குள் நபிமார்களின் உருவங்கள் இருந்தன, ஆறு ஜோர்தானுக்கும் ஃபலஸ்தீனுக்கும் இடையில் ஓடியது என்னும் குறிப்புகள் மாணவர் நினைவில் தங்குகின்றன. தலைவர்கள் அரசனைக் கேட்டது குற்றமா, குற்றமில்லையா என்ற வினா எழுப்பப்படாமலே பாடம் அடுத்த வசனத்துக்குச் சென்றுவிடுகிறது.

இந்த வினாவைத் தன் நடுப்பொருளாகக் கொண்ட நூல் ஒன்று உண்டு. யூதர்களும் கிறித்தவர்களும் ஓதும் சாமுவேலின் முதல் புத்தகமே அது. இவ்விரண்டு எடுத்துரைப்புகளையும் அருகருகே வைத்துப் படிப்பதில் நம்மவர்க்குத் தயக்கம் இருக்கிறது. முன்னைய வேதம் மாற்றத்துக்கு உள்ளானது, ஆகவே அதைத் திறக்கவே வேண்டாம் என்பார் ஒரு சாரார். அதே முன்னைய வேதத்தின் கதைகளை வஹ்பு இப்னு முனப்பிஹ் வழியாகவும் ஸுத்தீ வழியாகவும் தஃப்ஸீர் நூல்களுக்குள் ஏற்றுக்கொண்டு, அவை எங்கிருந்து வந்தன என்று கேளாமலே மிம்பரில் ஓதுவதும் பெரும்பாலும் அதே சாரார்தாம். மூலத்தைப் படிக்க மறுத்துவிட்டு அதன் கசிவை மட்டும் பருகுவது எவ்வகைப் பேணுதல் என்பது நமக்கு விளங்கவில்லை.

முதலில் வரலாற்றுக் களத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். எகிப்திய மன்னன் மெர்னெப்தாவின் வெற்றிக் கல்வெட்டு 1896இல் தீப்ஸ் நகரில் கண்டெடுக்கப்பட்டது. கி.மு. 1208 அளவில் பொறிக்கப்பட்ட அக்கல்லில் இஸ்ராயீல் என்ற பெயர் வருகிறது. அருகிலுள்ள ஊர்ப்பெயர்களுக்கு நாட்டைக் குறிக்கும் எழுத்துக்குறி இடப்பட்டிருக்க, இப்பெயருக்கு மட்டும் மக்களைக் குறிக்கும் குறி இடப்பட்டுள்ளது. அரசனும் தலைநகரும் இல்லாத ஒரு மக்கள் கூட்டம் அக்காலத்தில் மலைநாட்டில் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அம்மலைநாட்டில் அக்காலத்துச் சிற்றூர்கள் இருநூற்றுக்கும் மேற்பட்டவை அகழாய்வாளர் கள ஆய்வில் அடையாளம் காணப்பட்டுள்ளன. பெரும்பாலானவற்றில் அரண்மனையும் இல்லை, மதிலும் இல்லை. கி.மு. 1175 அளவில் மூன்றாம் ராம்சேஸோடு போரிட்ட கடல்வழி மக்களில் ஒரு பிரிவினரான பெலிஸ்தர், கடற்கரையில் காசா, அஸ்கலோன், அஸ்தோத், எக்ரோன், காத் என்னும் ஐந்து நகரங்களில் வலுப்பெற்றனர். இஸ்ராயீலரிடத்தில் கொல்லனே இருக்கவில்லை, கலப்பைக் கொழுவைத் தீட்டவும் பெலிஸ்தரிடமே போக வேண்டியிருந்தது என்று சாமுவேல் புத்தகம் சொல்லுகிறது. அரசன் வேண்டும் என்ற குரல் எழுந்த சூழல் இது.

அந்தக் குரலைச் சாமுவேல் புத்தகம் எவ்வாறு பதிவு செய்கிறது? ஒரே புத்தகத்துக்குள் இரண்டு நாவுகள் பேசுகின்றன என்பதைக் கவனமாகப் படிப்போர் எவரும் உணர்வர். எட்டாம் அதிகாரத்தில் மூப்பர்கள் ராமாவுக்கு வந்து, நீர் முதிர்ந்துவிட்டீர், உம் பிள்ளைகள் உம் வழியில் நடக்கவில்லை, மற்றச் சாதிகளைப் போல எங்களுக்கும் ஒரு ராஜா வேண்டும் என்கிறார்கள். சாமுவேலின் பிள்ளைகள் கைக்கூலி வாங்கி நீதியைப் புரட்டியவர்கள். மக்கள் தள்ளியது உம்மையல்ல, என்னையே என்று இறைவன் சாமுவேலிடம் கூறுவதாக அவ்வதிகாரம் சொல்லுகிறது. அதன்படி அரசனைக் கேட்டதே இறைமறுப்புக்கு நிகரான செயல். ஆனால் அடுத்த அதிகாரத்தைத் திறந்தால் காற்றே மாறிவிடுகிறது. தொலைந்துபோன கழுதைகளைத் தேடி அலையும் பென்யமீன் கோத்திரத்து இளைஞன் ஒருவன் தற்செயலாக ஞானதிருஷ்டிக்காரரின் ஊருக்கு வருகிறான். பெலிஸ்தரின் கையிலிருந்து தம் மக்களை மீட்க இவனையே தலைவனாக அபிஷேகம் செய்ய வேண்டும் என்று இறைவனே முன்வந்து கட்டளையிடுகிறான். இங்கே சினமில்லை; மக்களின் கூக்குரல் கேட்கப்பட்டதென்ற பரிவே உண்டு. பத்தாம் அதிகாரத்தின் பிற்பகுதியில் மறுபடியும் கண்டனம், பதினொன்றில் வெற்றிக் கொண்டாட்டம், பன்னிரண்டில் மீண்டும் கண்டனம் என்று தறியில் இரு நிற நூல்கள் மாறிமாறி ஓடுவது போல இப்புத்தகம் ஓடுகிறது.

யூலியஸ் வெல்ஹவுசன் 1878இல் வெளியிட்ட ஆய்வில், அரசாட்சியைக் கண்டிக்கும் பகுதிகள் காலத்தால் பிந்தியவை, அரசு அழிந்து மக்கள் பாபிலோனுக்குச் சிறை சென்ற பின் எழுந்தவை என்றார். மார்ட்டின் நோத் 1943இல், உபாகமம் தொடங்கி இராஜாக்கள் வரையிலான நூல்வரிசை முழுவதையும் ஓர் ஆசிரியர் தொகுத்தார், அவரே இக்கண்டனக் குரலுக்கு உரியவர் என்றார். அரசர்களால் அழிந்த மக்கள் திரும்பிப் பார்த்து, கேட்ட அன்றே தவறு நிகழ்ந்துவிட்டது என்று புலம்புவது இயற்கைதான். எனினும் இவ்விளக்கம் முழுதும் போதுமானதன்று. அரசன் உங்கள் மகன்களைத் தேரோட்டிகளாக்குவான், மகள்களைத் தைலம் செய்யவும் சமைக்கவும் வைப்பான், நல்ல வயல்களைப் பிடுங்கித் தன் ஊழியர்க்குக் கொடுப்பான், விளைச்சலில் பத்திலொன்று வாங்குவான் என்று சாமுவேல் எச்சரிக்கும் பட்டியல் சிறைக்காலத்துக் கற்பனையாக ஒலிக்கவில்லை. ஐசக் மெண்டெல்சோன் 1956இல் உகாரித் நகர ஆவணங்களோடு அதை ஒப்பிட்டு, பண்டைய கானான் நகர மன்னர்களின் நடைமுறை அப்படியே அதில் படிந்திருப்பதைக் காட்டினார். அக்கம்பக்கத்து அரசர்களின் கீழ் குடியானவன் பட்டபாட்டைக் கண்ணால் கண்ட ஒருவனின் சொல்லாகவே அது நமக்கும் படுகிறது.

இனித் திருக்குர்ஆனின் எடுத்துரைப்புக்கு வருவோம். தலைவர்கள் நபியிடம் வைக்கும் வேண்டுகோளில் வரும் வினைச்சொல் பஅஸ என்பதன் ஏவல் வடிவம். அனுப்புதல், எழுப்புதல் என்னும் பொருளுடைய இச்சொல்லைத் திருக்குர்ஆன் நபிமார்களை அனுப்புவதற்கும் இறந்தோரை எழுப்புவதற்கும் வழங்குகிறது. அதே சொல்லால் அரசனைக் கேட்கிறார்கள். விடை சொல்லும் நபியும் அச்சொல்லையே எடுத்தாண்டு, அல்லாஹ் தாலூத்தை உங்களுக்கு அரசராக எழுப்பியிருக்கிறான் என்கிறார். அரசனைக் கேட்டது இறைவனைத் தள்ளியதாகும் என்ற கருத்துக்கு இவ்வாக்கிய அமைப்பில் இடமே இல்லை. ஆனால் இங்கும் கண்டனம் உண்டு. போர் விதிக்கப்பட்டால் போரிடாமல் இருந்துவிடுவீர்களோ என்று நபி முன்கூட்டியே கேட்கிறார். வீடுகளையும் பிள்ளைகளையும் விட்டு வெளியேற்றப்பட்ட நாங்கள் எப்படிப் போரிடாமல் இருப்போம் என்கிறார்கள். விதிக்கப்பட்டதும் சிலரைத் தவிர மற்றவர் புறங்காட்டுகிறார்கள். கேட்டதில் குற்றமில்லை, கேட்டபின் பின்வாங்கியதில்தான் குற்றம். சாமுவேலின் எட்டாம் அதிகாரத்தோடு இதை வைத்துப் பார்த்தால், கண்டனம் முழுவதுமாக இடம் பெயர்ந்திருப்பதைக் காணலாம்.

கேட்டவர் யார் என்பதற்கும் ஒரு சொல் உண்டு. அவர்கள் மலஉ எனப்படுகின்றனர். நிறைத்தல் என்னும் வேரிலிருந்து பிறந்த இச்சொல், அவையையும் காண்போர் கண்ணையும் நிறைக்கும் பெருமக்களைக் குறிக்கும் என்பர் அகராதியாளர். நூஹ், ஹூத், ஸாலிஹ், ஷுஐப் (அலை) ஆகியோரை எதிர்த்து முன்னணியில் நின்றோரும் ஃபிர்அவ்னின் சுற்றத்தாரும் இச்சொல்லாலேயே சுட்டப்படுகின்றனர். ஸுலைமான் (அலை) அவர்களின் அவையோரும் ஸபா நாட்டு அரசியின் அவையோரும் இதே பெயர் பெறுவதால் இதை வசைச்சொல் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் செல்வமும் செல்வாக்கும் உடையவர் என்ற பொருள் இதில் உண்டு. அத்தகையோர் அரசனைக் கேட்கும்போது தம்முள் ஒருவனை எதிர்பார்த்தே கேட்டிருப்பர். தாலூத்தின் பெயர் வந்ததும் அவர்கள் சொல்லும் மறுப்பில் அந்த எதிர்பார்ப்பு வெளிப்பட்டுவிடுகிறது: ஆட்சிக்கு அவரைவிட நாங்களே உரியவர்கள், அவருக்குப் பொருள்வளம் தரப்படவில்லை. இதற்கு நபி தரும் விடையில் இரண்டு தகுதிகள் உள்ளன. அறிவில் விரிவு, உடலில் விரிவு. வரிசையைக் கவனிக்க வேண்டும். சாமுவேல் புத்தகத்தில் சவுலுக்கு உயரம் ஒன்றே தகுதியாகக் காட்டப்படுகிறது. எல்லாரும் அவன் தோளுக்குக் கீழே நின்றார்கள் என்று இருமுறை சொல்லப்படுகிறது. பதினாறாம் அதிகாரத்தில் தாவீதின் அண்ணன் எலியாபின் உயரத்தைப் பார்க்காதே என்று இறைவன் சாமுவேலுக்கு அறிவுறுத்துவது, சவுலைத் தேர்ந்த முறையின் மேல் பின்னாளில் விழுந்த குத்து. திருக்குர்ஆன் உடல்வலுவை மறுக்கவில்லை, போருக்கு அது வேண்டும். ஆனால் அதற்கு முன்னே அறிவை நிறுத்துகிறது.

இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ (ஹி. 606 / கி.பி. 1209) இவ்விடத்தில் ஒரு முடிவுக்கு வருகிறார். தலைமை வாரிசு வழியில் வருவது என்பாரின் கூற்று இவ்வசனத்தால் செல்லாததாகிறது. ஆட்சிக் குடும்பத்தில் பிறவாதவர் எப்படி ஆளலாம் என்ற மறுப்பையே அல்லாஹ் தள்ளிவிட்டான் என்கிறார். குர்துபீயும் (ஹி. 671 / கி.பி. 1273) தலைமைக்குத் தகுதி அறிவும் மார்க்கமும் வலிமையுமே, குலமன்று என்று எழுதுகிறார். இருவரும் வாழ்ந்த நூற்றாண்டில் முஸ்லிம் உலகின் அரியணைகள் எவ்வாறு கைமாறின என்பதை நினைத்தால், இவ்வரிகளை ஏட்டுக் கல்வியாக மட்டும் படிக்க இயலாது.

இத்தகைய கூர்மை இஸ்ராயீலிய்யாத் கதைகளில் மழுங்கிவிடுகிறது. தலைவர்கள் தாலூத்தை மறுத்தது ஏன் என்பதற்கு வஹ்பு, ஸுத்தீ முதலியோர் வழியாகத் தபரீ (ஹி. 310 / கி.பி. 923) பதிந்துள்ள விளக்கம் பின்வருமாறு: பனூ இஸ்ராயீலில் நபித்துவத்துக்கு ஒரு கோத்திரம், ஆட்சிக்கு ஒரு கோத்திரம் இருந்தன, தாலூத் இரண்டிலும் சேராத பென்யமீன் கோத்திரத்தவர். பிற்கால விரிவுரையாளர் பலர் இதை அப்படியே எடுத்தெழுதினர். ஆனால் முதல் அரசனே இனித்தான் வரவேண்டும் என்றிருக்கையில் ஆட்சிக்குரிய கோத்திரம் எங்கிருந்து வந்தது? யூதாவின் கோத்திரம் ஆட்சிக் கோத்திரமானது தாவூது (அலை) அவர்களால். அதாவது தாலூத்துக்குப் பின்னால். யாகூப் (அலை) தம் மக்களை வாழ்த்தியபோது யூதாவுக்குச் செங்கோலைக் குறிப்பிட்டதாக ஆதியாகமத்தில் வருவதைக் கொண்டு இக்கதை கட்டப்பட்டிருக்கலாம். திருக்குர்ஆனோ கோத்திரத்தைச் சுட்டவே இல்லை. பொருள்வளத்தை மட்டுமே சுட்டுகிறது. பணக்காரர் ஏழையை மறுத்த வழக்கைக் கோத்திரச் சண்டையாக மாற்றியதில் வசனத்தின் முள் ஒடிந்துபோயிற்று. தோல் பதனிடுபவர், தண்ணீர் சுமப்பவர் என்னும் கதைகளை நாம் இவ்வளவு கடுமையாகத் தள்ளமாட்டோம். அவற்றுக்குச் சான்று இல்லை. ஆனாலும் அவற்றைச் சொன்னவர் வசனம் எதைப் பற்றியது என்பதை உணர்ந்திருந்தார்.

ஸகீனத் பற்றிய கதைகள் இன்னும் வேடிக்கையானவை. பூனைத்தலை உடையது, மனித முகம் கொண்ட காற்று என்றெல்லாம் தபரீ தொகுத்துத் தருகிறார். அவற்றைத் தொகுத்த தபரீயே இறுதியில், நீங்கள் அறிந்த சான்றுகளால் உள்ளத்துக்குக் கிட்டும் அமைதியே அது என்ற அதா இப்னு அபீ ரபாஹின் கூற்றைத் தேர்ந்துகொள்கிறார். நம் மாணவர்க்குப் பூனைத்தலை நினைவிருக்கிறது. தபரீயின் தேர்வு நினைவிருப்பதில்லை. இப்னு கல்தூன் தம் முகத்திமாவின் தொடக்கத்தில், மூஸா (அலை) அவர்களுடன் பாலைவனத்தில் ஆறு லட்சம் போர்வீரர் இருந்தனர் என்ற செய்தியை எடுத்து, அத்தனை பேர் அணிவகுக்க இடமேது, உணவேது, நான்கு தலைமுறையில் அத்தொகை பெருகுவது எப்படி என்று கேட்டு ஒதுக்குகிறார். 1377இல் எழுதப்பட்ட அந்த அளவுகோலை நாம் ஏனோ சுவரில் மாட்டி வைத்திருக்கிறோம், கையில் எடுப்பதில்லை.

இனி மறுகரையிலிருந்து வரும் குற்றச்சாட்டைப் பார்ப்போம். ஆபிரகாம் கைகர் 1833இல் வெளியிட்ட நூல் தொட்டு, கீழைத்தேய ஆய்வாளர் பலர் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தனர்: ஆற்றங்கரைச் சோதனை சவுலுக்கு உரியதன்று, நியாயாதிபதிகள் ஏழாம் அதிகாரத்தில் கிதியோனுக்கு நிகழ்ந்தது, குர்ஆன் இருவரையும் குழப்பிவிட்டது. கிதியோன் கதையில் முப்பத்திரண்டாயிரம் பேர் திரள்கிறார்கள். அஞ்சியவர் இருபத்திரண்டாயிரம் பேர் திரும்புகிறார்கள். எஞ்சிய பதினாயிரம் பேர் ஆரோத் ஊற்றில் நீர் குடிக்கும் முறையைப் பார்த்து, நக்கிக் குடித்த முந்நூறு பேர் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். பத்ருப் போராளிகளின் எண்ணிக்கை, தாலூத்துடன் ஆற்றைக் கடந்தோரின் எண்ணிக்கையைப் போலவே முந்நூற்றுப் பத்துக்குச் சற்று மேல் என்று நபித்தோழர்கள் பேசிக்கொண்டதைப் பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அறிவிப்பதாகப் புகாரீயில் காண்கிறோம். எண்ணிக்கையின் நெருக்கம் மறுக்கத்தக்கதன்று. ஆயின் குழப்பம் என்ற சொல் சோம்பேறிச் சொல். இரு சோதனைகளின் தன்மையே வேறு. அங்கே குடிக்கும் முறை தேர்வாகிறது. எல்லாரும் குடிக்கிறார்கள், எவரும் எந்தக் கட்டளையையும் மீறவில்லை. இங்கே குடியாமை தேர்வாகிறது. கையால் ஒரு முறை அள்ளுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. அங்கே தம் கையாலேயே வென்றோம் என்று மக்கள் பெருமை கொள்ளாதபடி படை குறைக்கப்படுகிறது. இங்கே கீழ்ப்படியாதவர் தாமே வெளியேறிவிடுகிறார்கள்.

போரின் நடுவே பசியாலும் வேட்கையாலும் படையைச் சோதிப்பது சவுலின் கதைக்கு அயலானதும் அன்று. முதல் சாமுவேல் பதினான்காம் அதிகாரத்தில் மாலைவரை எவரும் எதுவும் உண்ணலாகாது என்று சவுல் ஆணையிடுகிறான். அவன் மகன் யோனத்தான் அதை அறியாமல் கோல்முனையால் தேனைத் தொட்டுச் சுவைத்துவிடுகிறான். படை களைத்து, மாலையில் கொள்ளைப் பொருளின் மேல் பாய்ந்து இரத்தத்தோடு தின்கிறது. அந்நூலின் ஆசிரியர் இதைச் சவுலின் மடமையாகக் காட்டுகிறார். உண்ணாமைக் கட்டளையும் சவுலும் சேர்ந்த மரபு ஒன்று அங்கே இருந்தது என்பதே நமக்கு வேண்டியது.

இன்னொன்றும் உண்டு. கிதியோன் வென்று வந்தபோது மக்கள் அவனிடம், நீயும் உன் மகனும் உன் மகனின் மகனும் எங்களை ஆளுங்கள் என்கிறார்கள். நான் ஆளமாட்டேன், கர்த்தரே ஆளுவார் என்று அவன் மறுக்கிறான். மறுத்த கையோடு கொள்ளையில் கிடைத்த பொற்கடுக்கன்களைக் கேட்டு வாங்குகிறான். எழுபது மகன்களைப் பெறுகிறான். பின்னும் ஒருவனுக்கு அபிமெலேக்கு, அஃதாவது என் தந்தை அரசன், என்று பெயரிடுகிறான்! அந்த அபிமெலேக்கே பின்னர்ச் சகோதரர் எழுபது பேரை ஒரே கல்லின்மேல் கொன்று சீகேமில் தன்னை அரசனாக்கிக்கொள்கிறான். தப்பிய இளையவன் யோதாம் மலைமேல் நின்று, மரங்கள் தமக்கு அரசன் தேடிய உவமையைச் சொல்லுகிறான். ஒலிவமும் அத்தியும் திராட்சையும் தத்தம் பயனை விட்டு வர மறுக்க, முட்செடி ஒப்புக்கொள்கிறது. ஆகவே கிதியோன் கதை இஸ்ராயீலில் அரசாட்சி என்ற வினா முதன்முதல் எழுந்த கதை. ஆற்றுச் சோதனையும் அரசாட்சியும் அருகருகே நிற்பது அங்கும் அப்படியே. குழப்பம் என்று எழுதியவர் இந்த உறவை ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

நாட்டைவிட்டும் பிள்ளைகளைவிட்டும் வெளியேற்றப்பட்டோம் என்று தலைவர்கள் கூறும் காரணம் சாமுவேலின் எட்டாம் அதிகாரத்தில் இல்லை. அங்கே பிறரைப் போல ஆகும் ஆசையும் சாமுவேலின் பிள்ளைகளின் ஊழலுமே முதலிடம் பெறுகின்றன. ஆனால் பன்னிரண்டாம் அதிகாரத்தில் சாமுவேலே, அம்மோன் மன்னன் நாகாஸ் வந்ததைக் கண்டபோது நீங்கள் அரசனைக் கேட்டீர்கள் என்கிறார். பதினொன்றாம் அதிகாரத்தில் நாகாஸ் திடுமென யாபேசை முற்றுகையிட்டு, ஒவ்வொருவரின் வலக்கண்ணையும் பிடுங்குவதாக மிரட்டுகிறான். ஏன் இந்த மிரட்டல், ஏன் யாபேஸ் என்பது வழக்கிலுள்ள எபிரேயப் பாடத்தில் விளங்காது. 1952இல் கும்ரானின் நான்காம் குகையில் கிடைத்த சாமுவேல் சுவடி ஒன்று அதை விளக்கிற்று. காத், ரூபன் கோத்திரத்தார் அனைவரின் வலக்கண்களையும் நாகாஸ் பிடுங்கியதையும், அவனிடமிருந்து தப்பிய ஏழாயிரம் பேர் யாபேசுக்குள் புகுந்ததையும் கூறும் ஒரு பத்தி அதில் உள்ளது. கி.பி. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸும் இச்செய்தியை அறிந்திருந்தார். பின்னாளைய படியெடுப்பில் அப்பத்தி விடுபட்டது என்றே ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். முதல் அரசனின் முதற்போர் ஊரிழந்து ஓடிவந்தோரைக் காக்க நிகழ்ந்தது என்ற மரபு பழமையானது என்பது இதனால் தெளிவாகிறது. இதை எடுத்துக்கொண்டு மேடையேறி, குகைச் சுவடியே குர்ஆனை மெய்ப்பித்துவிட்டது என்று முழங்குவோர் நம்மில் தோன்றக்கூடும். வேண்டாம். சுவடி சொல்வது நாகாஸைப் பற்றி. வசனம் பகைவனின் பெயரைச் சொல்லவில்லை. சுவடியால் நமக்குக் கிட்டுவது ஒன்றே: வெளியேற்றப்பட்டோரின் கோரிக்கையாக அரசாட்சியைக் காண்பது முன்னைய மரபுக்கு அயலான கற்பனை என்று இனி எவரும் எழுத முடியாது.

பெட்டியைப் பற்றியும் இவ்வாறே. சாமுவேல் புத்தகத்தில் பெலிஸ்தர் கைப்பற்றிய உடன்படிக்கைப் பெட்டி, கன்றீன்ற இரு பசுக்கள் இழுத்த வண்டியில், சவுலுக்கு முன்பே திரும்பிவிடுகிறது. அதன்பின் கீரியாத்யாரீமில் கிடக்கிறது. திருக்குர்ஆனில் அதன் வருகையே தாலூத்தின் ஆட்சிக்கு அடையாளம். எபிரேயப் பாடத்தின் பதினான்காம் அதிகாரத்தில் சவுல் தன் ஆசாரியனிடம் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லுகிறான்; கிரேக்க மொழிபெயர்ப்பில் அவ்விடத்தில் ஏபோத்து என்னும் ஆசாரிய உடை உள்ளது. சவுலுக்கும் பெட்டிக்கும் உறவு உண்டா என்பதில் அந்நூலின் படிகளுக்குள்ளேயே உடன்பாடு இல்லை என்பது இதன் பொருள். நமக்கு இதைவிடச் சுவையானது தாபூத் என்ற சொல். குழந்தை மூஸா (அலை) அவர்களை ஆற்றில் விட்ட பேழைக்கும் தாஹா அத்தியாயம் இதே சொல்லை வழங்குகிறது. எபிரேயத்தில் இரண்டுக்கும் இரு வேறு சொற்கள். மூஸாவைச் சுமந்ததும் மூஸா, ஹாரூன் குடும்பத்தார் விட்டுச்சென்றதைச் சுமந்ததும் ஒரே பெயரால் அழைக்கப்படும்போது, திருக்குர்ஆனை மனனம் செய்தவரின் செவியில் ஒன்று மற்றொன்றை நினைவூட்டாமல் இராது.

ஜாலூத்தின் வீழ்ச்சியைத் திருக்குர்ஆன் ஒரே தொடரில் முடித்துவிடுகிறது. கவண் இல்லை, ஐந்து கூழாங்கற்கள் இல்லை, பகைவனின் உயரம் இல்லை. எபிரேயப் பாடம் அவ்வுயரத்தை ஆறு முழமும் ஒரு சாணும் என்கிறது. கும்ரான் சுவடியும் கிரேக்க மொழிபெயர்ப்பும் நான்கு முழமும் ஒரு சாணும் என்கின்றன. இரண்டாம் சாமுவேல் இருபத்தொன்றில் கோலியாத்தைக் கொன்றவன் எல்க்கானான் என்று வருகிறது. நாளாகமம் அதைக் கோலியாத்தின் சகோதரன் என்று திருத்துகிறது. வீரக்கதை நாவுக்கு நா வளரும். தாவூது (அலை) அவர்களின் பெயருக்கு வெளிச்சான்று உண்டு: 1993இல் தேல் தான் என்னுமிடத்தில் கிடைத்த, கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த அரமேயக் கல்வெட்டில் தாவீதின் வீடு என்ற தொடர் உள்ளது. சவுலுக்கு அத்தகைய கல்வெட்டு ஏதும் கிடைக்கவில்லை.

தாலூத் என்ற பெயருக்கு நீளம் என்னும் பொருளுடைய தூல் வேராகலாம் என்பாரை ஸமக்ஷரீ (ஹி. 538 / கி.பி. 1144) இலக்கண நெறியால் தடுக்கிறார்: வேர் அரபியாயின் இப்பெயர் வேற்றுமை உருபுகளை முழுதும் ஏற்க வேண்டும், ஏற்காமையால் இது அயன்மொழிப் பெயர். எபிரேயப் பெயரான ஷாஊல் என்பதற்குக் கேட்கப்பட்டவன் என்று பொருள். அரபியில் ஸஅல என்பதும் அதே வேர். சாமுவேலின் பிறப்புக் கதையில் அன்னை அன்னாள், கேட்டுப் பெற்றேன் என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளைக்குச் சாமுவேல் என்று பெயரிடுகிறாள். அச்சொல் விளையாட்டு சவுலின் பெயருக்கே பொருந்துகிறது. அக்கதை முதலில் சவுலுடையதாக இருந்து, பின்னர்ச் சாமுவேலுக்கு மாற்றப்பட்டது என்பார் உளர். நாம் அதை உறுதியாகக் கொள்ளவில்லை. ஆனால் சவுலிடமிருந்து பலவும் பறிக்கப்பட்டன என்பதை மறுப்பதற்கில்லை. முதல் சாமுவேலின் பதினாறாம் அதிகாரம் முதல் எழுதுகோல் தாவீதின் அரண்மனையில் இருக்கிறது. லெயோன்ஹார்ட் ரோஸ்ட் 1926இல் தாவீதின் அரியணை உரிமை யாருக்கு என்ற நோக்கோடு எழுதப்பட்ட பகுதிகளைப் பிரித்துக் காட்டியதற்குப் பின், இப்பகுதிகளில் அரசவையின் கையைக் காணாத ஆய்வாளர் அரிது. சவுல் பொறாமைக்காரனாகிறான், பித்தனாகிறான், இறுதியில் குறிசொல்பவளின் கதவைத் தட்டுகிறான். வென்ற குடும்பம் தோற்ற குடும்பத்தின் வரலாற்றை எழுதினால் இப்படித்தான் இருக்கும். தபரீயின் கதைகளும் இதே வழியில் நடக்கின்றன: தாலூத் மகளைத் தருவதாகச் சொல்லி ஏமாற்றுகிறார், தாவூதைக் கொல்ல முயல்கிறார், அறிஞர்களைக் கொல்கிறார், பின் தவ்பா செய்கிறார். திருக்குர்ஆன் இவற்றுள் ஒன்றையும் சொல்லவில்லை. அதன் தாலூத் தேர்ந்தெடுக்கப்பட்டவராகவே தோன்றி அந்நிலையிலேயே மறைகிறார். இம்மௌனத்தை நிரப்ப முனைந்த நம் விரிவுரையாளர்கள், அறியாமலே தாவீதின் அரண்மனை எழுத்தனுக்கு ஊழியம் செய்தார்கள்.

மன்னராட்சிக்கு இவ்வசனங்களில் சான்று தேடியோர் உண்டு. நபியே அரசனை நியமித்தார் அல்லவா என்பது அவர்களின் வாதம். கிலாஃபத் முப்பது ஆண்டுகள், பின்னர் மன்னராட்சி என்னும் ஸஃபீனா (ரலி) அறிவிப்பை முன்வைத்து, மன்னராட்சியை வீழ்ச்சியாகக் காண்போர் மறுபக்கம். மௌலானா மௌதூதி 1966இல் எழுதிய கிலாஃபத் வ முலூகிய்யத் இவ்விவாதத்தை நம் காலத்துக்குக் கொண்டுவந்தது. திருக்குர்ஆனில் மலிக், முல்க் என்னும் சொற்கள் நிற்கும் இடங்களை ஒருங்கே பார்க்க வேண்டும். தாவூதுக்கு ஞானத்தோடு முல்க் தரப்படுகிறது. அல்பகராவில் ஏழு வசனங்கள் தள்ளி, முல்க் தரப்பட்டதாலேயே இப்ராஹீம் (அலை) அவர்களோடு தர்க்கித்தவன் வருகிறான். ஸுலைமான் (அலை) முல்க்கை வேண்டுகிறார்கள். கஹ்ஃபு அத்தியாயத்தில் ஏழைகளின் படகுகளைப் பறிக்கும் மலிக் ஒருவன் இருக்கிறான். அல்லாஹ்வின் தூதரோ (ஸல்), அரசராகிய நபி, அடியாராகிய நபி என்ற இரண்டில் ஒன்றைத் தேரச் சொல்லப்பட்டபோது இரண்டாவதைத் தேர்ந்தார்கள். மார்க்கம் முல்க்கை அதன் பெயருக்காகப் பழிக்கவில்லை, அநீதியால் அடக்கி ஆள்வதையே பழித்தது என்ற இப்னு கல்தூனின் கூற்று இவ்விடங்கள் அனைத்துக்கும் பொருந்துகிறது. ஆயினும் தாலூத்தை வைத்து அரியணைக்கு வாதாடுவோர், அவருக்கு அடுத்து வந்தவர் அவர் மகனல்லர் என்பதையும், ராஸீ அவ்வசனத்திலிருந்து வாரிசுரிமைக்கு எதிராகவே முடிவெடுத்தார் என்பதையும் விட்டுவிட்டே வாதாடுகிறார்கள்.

சவுலின் முடிவைத் திருக்குர்ஆன் சொல்லாதது போலவே, சாமுவேல் புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் அரண்மனையின் கை எட்டாத ஒரு பகுதி எஞ்சியிருக்கிறது. கில்போவா மலையில் சவுல் மாண்டபின் பெலிஸ்தர் அவன் உடலைப் பெத்சானின் மதிலில் தொங்கவிடுகிறார்கள். யாபேஸ் ஊரார் அதைக் கேள்விப்பட்டு, இரவு முழுதும் நடந்து போய், அவ்வுடலையும் அவன் மக்களின் உடல்களையும் மதிலிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து, எலும்புகளைத் தம் ஊரில் ஒரு மரத்தடியில் அடக்கி, ஏழு நாள் நோன்பிருக்கிறார்கள். நாகாஸின் முற்றுகையில் கண்ணிழக்க இருந்தவர்கள் அவர்கள்.